பால்வாடி கதவடைத்த காலம்

பம்பாய் நகரில் 1896-ஆம் ஆண்டு பிளேக் நோய் தோன்றி, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறி ஊர் ஊராகச் சிதறிய சமயத்தில், நோயையும் அந்த ஓட்டத்தையும் ஒருங்கே அடக்குவதற்காக மறு வருஷமே அவசரத்தில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், நாலே பிரிவுகள் கொண்ட சிறு சட்டந்தான் எனினும், அதை எழுதியவர்களும் அவர்கள் கட்டியாண்ட சாம்ராஜ்யமும் மறைந்து எத்தனையோ காலத்துக்குப் பின்னர், 123 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் மறுபடியும் கையிலெடுக்கப்பட்டது. 2020 மார்ச் மாதத்தின் நடுவில் கல்லூரிகளும் திரையரங்குகளும் பள்ளிக்கூடங்களும் அடைக்கப்பட்டபோது, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் மாத்திரமே சொத்தாகக் கொண்ட 54,439 அங்கன்வாடி மையங்களும், அதாவது கிராமத்து ஜனங்கள் இன்றைக்கும் பால்வாடி என்றே வழங்கிவரும் அச்சிறு ஸ்தாபனங்களும், அவற்றோடு அடைக்கப்பட்டன. திரையரங்கை மூடுவதென்றால் இன்னது என்று எவருக்கும் விளங்கும். கல்லூரியை மூடுவதும் அப்படியே. ஆனால் பால்வாடியை மூடுவதென்றால் எதை மூடுவது என்ற வினாவுக்கு உத்தரவு போட்டவர்களும் அன்றைக்குத் தெளிவான விடை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏனெனில், அது பள்ளிக்கூடமா, அன்னசத்திரமா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமா என்பது அதன் சரித்திரத்தில் ஒருபோதும் முடிவாகத் தீர்மானிக்கப்பட்டதே இல்லை.

உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை என்ன செய்வது என்பது உழவுத்தொழிலைப் போலவே பழைய பிரச்சினை. நடவு வயலின் வரப்போரத்து வேப்பங்கிளையில் பழம்புடவையைத் தூளியாகக் கட்டி, அதில் கைக்குழந்தையைக் கிடத்தி, ஆட்டுவதற்கு ஏழெட்டு வயது அக்காளை நிறுத்திவிட்டுத் தாய் சேற்றில் இறங்கினாள் என்றால், பிரச்சினை அன்றைப் பொழுதுக்குத் தீர்ந்தது. அந்த அக்காளே நம் நாட்டின் முதல் பால்வாடி ஆசிரியை என்று நான் சொல்வதுண்டு. அவளுக்குச் சம்பளமும் கிடையாது, எழுத்தறியும் பாக்கியமும் கிடையாது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்ற ஒன்று உண்டாயிற்று. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் சிசுக்களை அங்கே ஒரு கிழவியிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறுவார்கள். துரைமார்களுடைய கருணை அதற்குக் காரணமன்று. பெண்ணின் இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருந்தன, அவ்வளவுதான். இந்தியாவில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும் 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமும், பெண்கள் பலர் வேலைசெய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டுமென்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தின. வயலில் கூலிக்குப் போகிறவளுக்கு முதலாளி என்று ஒருவர் நிலையாக இல்லாமையால், அவளுக்கு அந்தச் சட்டங்களால் பயன் ஏதும் விளையவில்லை.

குழந்தைக் கல்வியின் பெரும்பெயர்களுள் ஒன்றாகிய மரியா மாண்டிசோரி அம்மையாரின் முயற்சியும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பேட்டையில், பெற்றோர் கூலிக்குப் போன பிற்பாடு பிள்ளைகள் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்கியதைப் பொறுக்கமாட்டாத கட்டடச் சொந்தக்காரர்கள், அவர்களை ஓர் அறையில் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோதுதான், வைத்தியராகிய அவர் அப்பொறுப்பை ஏற்று, 1907 ஜனவரியில் தம்முடைய குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில், 1939-இல், பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்து, உலக யுத்தத்தில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டமையால் திரும்பிப் போக முடியாமல் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் வருஷக்கணக்கில் தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆயினும் கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்த முறை, நம் நகரங்களில் வேர்விட்டதென்னவோ காரில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்காகத்தான். இதில் அம்மையாரைக் குறை கூறுவதற்கில்லை.

அதனைக் கிராமத்துக்குக் கொண்டுசென்றவர் தாராபாய் மோடக். குஜராத்தில் குழந்தைக் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றிப் பழுத்த அனுபவம் பெற்றிருந்த அவர், 1945-இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்துப் போர்டி கிராமத்தில் ஒரு பாலர் பள்ளியை நிறுவியபோது, ஊர்ப் பிள்ளைகள் வந்தார்களே ஒழிய, சற்றுத் தள்ளிக் குடிசைகளில் வாழ்ந்த ஆதிவாசிகளின் பிள்ளைகள் வரவே இல்லை. ஆடு மேய்ப்பதும் தம்பியைச் சுமப்பதும் அவர்களுக்கு உத்தியோகங்களாக இருந்தன. வராத பிள்ளையைப் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்குவதே பள்ளிகளின் வழக்கம். தாராபாயும் அவரோடு தொண்டில் உடனிருந்த அனுதாய் வாகும், பள்ளிக்கூடத்தையே தூக்கிக்கொண்டு அக்குடிசைகளின் முற்றத்துக்குப் போனார்கள். குளிப்பாட்டுவதும் தலைவாருவதும் நகம் நறுக்குவதும் அங்கே முதற்பாடங்கள். கூழாங்கல்லும் இலையும் சிப்பியும் கற்பிக்கும் கருவிகள். அங்கன்வாடி என்ற பெயர் அந்த முற்றத்திலிருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டுப் பால்வாடியின் தாய்வழி இதுவென்றால், தந்தைவழி கஞ்சி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டதும், நிவாரண வேலைக்கு வருபவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் அளவைக் குறைத்ததும், அது போதாது, உடல் நிற்காது என்று மாகாணச் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் தம் மேலதிகாரிகளோடு வாதாடியதும் சரித்திரம். ஒரு வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை அரசாங்கம் போட்டாக வேண்டும் என்ற எண்ணம் அந்த வாதத்தோடு இம்மண்ணில் விழுந்தது. பின்னர் 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கிற்று. கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்ற ஆட்சேபணையால் சில ஆண்டுகளில் அது நின்றது. 1956-இல் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். 1982 ஜூலை முதல் தேதி, திருச்சிராப்பள்ளிக்கு அருகில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு நில்லாமல், இரண்டு வயது நிரம்பிய குழந்தையையும் பந்தியில் உட்காரவைத்தது. அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளி கிடையாதாகையால் கிராமந்தோறும் பால்வாடி வேண்டியிருந்தது. அவற்றை நடத்தவும் சமைக்கவும் ஆயிரமாயிரம் பெண்கள், அவர்களுள் விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களுமாகப் பலர், நியமனம் பெற்றார்கள். பொருளாதார நிபுணர்கள் அன்று இத்திட்டத்தைப் பரிகசித்ததை நினைத்தால், நிபுணத்துவத்தின்மேல் எனக்குள்ள மரியாதை சற்றுக் குறைகிறது.

இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. அதுதான் தராசு. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை ஜில்லாவின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதன்முதலாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் உணவு என்றில்லாமல், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து, அதற்கு மாத்திரம் சத்துமாவு உருண்டையைக் குறிப்பிட்ட காலம் ஊட்டி, எடை தேறியதும் நிறுத்திவிடுவது என்ற நூதனமான ஏற்பாட்டைக் கைக்கொண்டது. அதற்கான ஊழியரைத் தேர்ந்தெடுக்க வகுத்த விதி எனக்கு மிகவும் பிரியமானது: அதே ஊரில் குடியிருப்பவளாகவும், ஏழையாகவும், ஆனால் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவளாகவும் இருக்க வேண்டும். பட்டம் பெற்றவளுக்கு இல்லாத தகுதி அது.

எடை போடும் நாளைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். உத்தரத்திலிருந்து வட்ட முகமுள்ள வில்தராசு தொங்கும். அதன் கொக்கியில் இரண்டு கால்களுக்கும் துளையிட்ட துணிப்பை ஒன்று மாட்டியிருக்கும். பிள்ளையை அதில் இறக்கியதும் அது கால்களை உதைத்துக்கொண்டு அலறும், முள் ஆடும், ஆயா நாக்கைச் சுழற்றி ஏதேனும் வித்தை காட்டி ஒரு கணம் அழுகையை நிறுத்துவாள், அந்தக் கணத்தில் ஊழியர் முள்ளைப் பார்த்துவிட வேண்டும். பார்த்ததை வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளியாக வைத்து, சென்ற மாதப் புள்ளியோடு கோட்டால் இணைத்து, கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, இறங்குகிறதா என்று தாய்க்குக் காட்டுவாள். எழுத்து அறியாத தாயும் கோட்டின் போக்கை அறிந்துகொள்வாள். பச்சை நிறத்தில் இருக்கும் வரை கவலை இல்லை. மஞ்சளுக்கு இறங்கினால் மாமியாரும் சேர்ந்து விசாரிப்பார். குடும்பத்தின் அந்தரங்கங்கள் பல அந்தக் கோட்டில் வெளிப்பட்டுவிடும்: தகப்பன் குடியில் விழுந்த மாதம், அடுத்த கர்ப்பம் உண்டான மாதம், நடவு முடிந்து கூலி நின்ற மாதம்.

இந்திய அரசு 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் காலப்போக்கில் இவையனைத்தையும் தன்னுள் வாங்கிக்கொண்டது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம், சமைத்த உணவையும் அங்கன்வாடியையும் குழந்தையின் உரிமையாகக் கருதி உத்தரவிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்டமாக்கிற்று. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று ஏட்டில் எழுதப்பட்டது. டெம்பிளும் கார்னிஷும் வாதாடிய கணக்கின் பேரப்பிள்ளை இது.

வயிறு நிறைந்த பின்னரே கல்வியின் நினைவு வரும் போலும். தனியார் மழலைப் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் கிராமங்களுக்குள்ளும் நுழைந்து, கடன்பட்டாவது பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் மோகம் கூலிக்காரரையும் பற்றிக்கொண்டபோது, பால்வாடி என்றால் சோறு போடுமிடம் என்ற இளக்காரம் பரவிற்று. அதைப் போக்குவதற்காக 2019-இல், நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிற்று. மையத்தைப் பள்ளியாக உயர்த்துவதாகத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த உயர்வு நடந்துகொண்டிருந்த போதே 2020 வந்தது.

மார்ச் 18-ஆம் தேதி, அதாவது நாடு தழுவிய ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்பே, உச்சநீதிமன்றம் எவரும் கேளாமல் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, பள்ளியும் அங்கன்வாடியும் மூடியிருக்கையில் குழந்தைக்கு உணவு எவ்வாறு சேரும் என்று மாநிலங்களை விசாரித்தது. கேரளம் ஏற்கெனவே வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டிலும் மையத்தில் சமைப்பது நின்று, அரிசியும் பருப்பும் முட்டையும் உலர்ந்த பொருளாகவே பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டன. கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் முதலியவற்றால் ஆன சத்துமாவுப் பொட்டலங்கள் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வழங்கப்பட்டன. வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டு, முகத்தை முந்தானையால் மூடிய தாய்மார் வட்டத்துக்கு ஒருவராக நின்று வாங்கிப் போனார்கள். வர இயலாத வீடுகளுக்கு ஊழியரே பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். போகிற வீட்டில், யாருக்குக் காய்ச்சல், யார் வெளியூரிலிருந்து வந்தது, சர்க்கரை வியாதிக்காரர் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வதும் அவர்கள் தலையில் விழுந்தது. முகக்கவசத்தைத் தவிர வேறு காப்பு இல்லாமல் அவர்கள் படியேறினார்கள். மற்ற உத்தியோகஸ்தர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திய ஜனங்கள், பால்வாடி டீச்சரைத் திண்ணை வரை விட்டார்கள் என்றால், நாற்பது வருஷத்து எடைத்தராசுக்கும் முட்டைக்கும் கிடைத்த மதிப்பு அது. தாராபாய் குடிசை முற்றத்துக்குப் பள்ளியைச் சுமந்து போனது மனமுவந்த முயற்சி. இது பெருநோயின் நிர்ப்பந்தம். எனினும் கதவு அடைபட்டதும் இந்த ஸ்தாபனத்துக்கு நடக்கத் தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்த மழலைப் பள்ளிக்கு அது தெரியவில்லை. அதன் பிள்ளைகளைத் தேடி வந்தவை கட்டணத்தை நினைவூட்டும் குறுஞ்செய்திகளே. பள்ளியாக உயர்த்தியிருந்தது எவ்வளவோ, பள்ளியல்லாததாக இருந்தது எவ்வளவோ, அந்த மாதங்களில் கைகொடுத்தது பின்னதுதான் என்பது என் துணிபு.

இவ்வாறு சொல்வதால், எல்லாமே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அரிசி போயிற்று, பந்தி போகவில்லை. வீட்டில் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை உண்பதைப் பார்த்துத் தானும் உண்ணும் என்பது ஆயாமார் எல்லோரும் அறிந்த இரகசியம். மையத்தில் வேகவைத்த முட்டை பிள்ளையின் வாய்க்குள் போவதை ஆயா கண்ணால் காண்பாள். வீட்டுக்குக் கொடுத்த முட்டையோ குழம்பில் விழுந்து, கூலியிழந்து உட்கார்ந்திருந்த குடும்பம் முழுவதற்கும் பங்காயிற்று. பசித்த வீட்டில் ஒருவருக்கென்று வந்ததைத் தனியே பூட்டிவைக்கும் தாயை நான் மெச்சவும் மாட்டேன். எடைபோடுவதும் நின்றமையால், வளர்ச்சி அட்டையில் மாதக்கணக்கில் புள்ளி விழவில்லை. கோடு படுத்ததா, இறங்கியதா என்பதைக் காட்ட வழியில்லாமற் போயிற்று. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற அங்கன்வாடிப் பாடநூலின் பாட்டுகளைச் சில ஊழியர்கள் தங்கள் கைப்பேசியில் பதிவுசெய்து தாய்மாருக்கு அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதையும் தகப்பன் வேலை தேடிப் போகையில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான்.

எதிலும் பெரிதாக இழந்தது நேரம். காலை பத்து மணிக்குப் பிள்ளையை விட்டுப் பிற்பகல் அழைத்துக்கொள்ளும் வரை தாய்க்குக் கிடைத்த சில மணி நேரத்தைப் பால்வாடிப் பதிவேடுகளில் எதுவும் குறிப்பதில்லை. உணவு உண்டோர், எடை, தடுப்பூசி, வருகை என்று ஒன்றுக்கு மேற்பட்ட பதிவேடுகள் இருந்தும், அந்த நேரத்துக்கென்று ஒரு பத்தி கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கும், களை பறிக்கப் போகிறவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் அந்த மணி நேரங்களே கூலி. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் வேலைத்தலத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று விதித்ததே இதை ஒப்புக்கொண்டதுதான். 2020-இன் கோடையில் ஊரடங்கு சற்றே தளர்ந்து, வேலைகள் முதலில் திறந்தன, பால்வாடிகள் திறக்கவில்லை. மையத்தின் பொறுப்பு பழையபடி வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் இடுப்புக்குப் போயிற்று. அவளுக்கும் பள்ளி மூடியிருந்தது. ஆகவே எவரும் அதை ஓர் இழப்பாகக் கருதவில்லை.

2021 ஜனவரி 13-ஆம் தேதி உச்சநீதிமன்றம், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே உள்ள அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி அம்மாத இறுதிக்குள் மாநிலங்கள் முடிவெடுக்க வேண்டுமென்று கூறிற்று. முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கையில் இரண்டாம் அலை வந்து எல்லாவற்றையும் புரட்டிவிட்டது. தமிழ்நாட்டில் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் மதிய உணவுக்காக மையங்களின் கதவு திறக்கலாயிற்று. மழலை வகுப்புகள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற நல்ல திட்டம், தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பி விடுபட்ட பாடங்களைச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அது முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கே உரியது. 2020 மார்ச்சில் மூன்று வயது நிரம்பியிருந்த குழந்தை, இரண்டு வருஷம் கழித்து முதல் வகுப்பின் வாசலில் நின்றபோது, அது விட்டுவிட்ட பாடம் இன்னதென்று சொல்ல ஒரு பாடத்திட்டமும் இல்லை.

ஊழியர்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். இத்திட்டத்தின் ஆரம்பம் முதலே மத்திய அரசு அவர்களைக் கௌரவ ஊழியர்கள் என்று அழைத்து, சம்பளம் என்னாமல் மதிப்பூதியம் என்று கொடுத்துவந்தது. 2018-இல் உயர்த்தியதும் மாதம் 4,500 ரூபாய்தான். தமிழ்நாடு தன் பங்குக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று சற்றே கண்ணியமான ஏற்பாட்டைச் செய்திருந்தது. நோய்க்காலத்தில் எல்லோரும் அவர்களை முன்களப் பணியாளர் என்று புகழ்ந்தார்கள். குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி, அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டத்தின் பயனுக்கு உரியவர்களே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாப்பாக்குறிச்சி விழா நடந்த அந்த வருஷத்தில் ஆயாவாகவும் ஊழியராகவும் சேர்ந்த பெண்கள், அதற்குள் அநேகமாக எல்லோரும் வயது நிரம்பி வேலையிலிருந்து இறங்கியிருந்தார்கள்.